வினையூக்கி சேர்க்காத சோதனை

ஆறாவது முறையும் அதே எண்தான் வந்தது. மெருயெர்த் எண்ணெயின் பிசுக்கை அளக்கும் கருவியைத் துடைத்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

புசாச்சி எண்ணெய் வயல்களில் கச்சா எண்ணெய் தார் மாதிரி கனத்துக் கிடக்கும். அதை இளக்கி மேலே கொண்டுவர, நீராவியோடு நிலத்துக்குள் அனுப்ப ஒரு வினையூக்கியைச் செய்தவன் அவள் அண்ணன் எர்னியாஸ். வயிற்றுவலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, சோதனைகள் முடியட்டும் என்று மூன்று மாதம் மருத்துவமனைக்குப் போகாமல் தள்ளிப்போட்டான். சோதனைகள் முடிந்தன, அவனும் போய்ச் சேர்ந்தான். வெள்ளிக்கிழமை வயல் குழு கூடுகிறது. அவன் பெயரிலேயே அந்த வினையூக்கியை முதல் கிணற்றில் இறக்க ஒப்புதல் தரப்போகிறது.

அதற்கான அறிக்கையைச் சரிபார்க்கும்போதுதான் அவள் கண்ணில் பட்டது. வினையூக்கி எண்ணெயில் கலப்பதற்காக அண்ணன் ஒரு கரைப்பானைச் சேர்த்திருந்தான். ஒப்பிட்டுப் பார்க்கவோ வெறும் எண்ணெயைச் சூடாக்கியிருந்தான். கரைப்பானை மட்டும் சேர்த்த சோதனை அவன் குறிப்பேட்டில் இல்லை. அவள் செய்தாள். தன் கையை நம்பாமல் கலனை அமிலத்தில் கழுவி மறுபடியும் செய்தாள். வினையூக்கி ஒரு துளிகூட இல்லாமலே எண்ணெய் அதே அளவு இளகியது. எல்லாம் கரைப்பானின் வேலை. அத்தனை கரைப்பானைக் கிணற்றில் கொட்ட எந்த வயலுக்கும் கட்டுப்படியாகாது.

மறுநாள் மதியம் அண்ணி அக்மராலின் வீட்டுக்குப் போனாள்.

"வாடி கண்ணாடிக்காரி!" அக்மரால் பால் தேநீரை அரைக் கிண்ணம் ஊற்றி நீட்டினாள். அரைக் கிண்ணம் என்றால் இன்னும் இரு என்று பொருள். நிறைய ஊற்றினால் கிளம்பலாம்.

"உங்கண்ணன் போட்டோவைப் பெருசாப் போட்டுட்டேன். குழுவுல வெக்கணுமில்ல? கோட்டு போட்டது ஒண்ணே ஒண்ணுதான் தேறுச்சு. அதுலயும் கையெல்லாம் எண்ணெய்க் கறை!"

மெருயெர்த் கிண்ணத்தைக் கைக்குள் மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தாள். "அண்ணி... ஒருத்தன் ஒரு குதிரைய நம்பி ரொம்ப தூரம் போனானாம். பாதி வழியில..."

அக்மராலின் கை நின்றது. சாவுச் செய்தியை இப்படித்தான் சுற்றி வளைத்துச் சொல்வார்கள். எர்னியாஸ் இறந்த அன்றும் வீட்டுக்கு வந்த பெரியவர்கள், கையை விட்டுப் பறந்துபோன ஒரு பருந்தின் கதையில்தான் தொடங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் மெருயெர்தும் நின்றிருந்தாள்.

"குதிரையும் வேணாம், கழுதையும் வேணாம். எனக்கு இனிமே சாக யாருமில்ல. நேரா சொல்லு."

மெருயெர்த் தன் சோதனைக் குறிப்பேட்டைத் திறந்து வைத்துச் சொன்னாள்.

"உனக்குத் தப்பா வந்திருக்கும். உப்பு போட்டோமான்னு மூணு வாட்டி நக்கிப் பாக்குற ஆளு நீ."

"நானும் அப்படித்தான் நெனச்சேன் அண்ணி. ஆறு வாட்டி பாத்துட்டேன்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப வாயை மூடிட்டு இரு. கிணத்துல இறக்கட்டும். வேலை செய்யலன்னா மண்ணு சரியில்லன்னு சொல்லிக்கலாம்."

"அண்ணன் இருந்தா அவனே சொல்லியிருப்பான்."

"இருந்தா!" அக்மரால் மேசையை அறைந்தாள். "கால்ல விழாத குறையாக் கெஞ்சினேன்டி, ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு. அப்ப அந்த மூணு மாசம் எதுக்கு? நீயே சொல்லு, எதுக்கு?"

பேருந்தில் வரும்போதே மெருயெர்த் ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தாள். அடுத்து வருகிறவர்கள் இந்தத் தப்பைச் செய்யமாட்டார்கள் என்று. அது உண்மைதான். ஆனால் அதைச் சொல்லாமல் குறிப்பேட்டை மூடினாள்.

அக்மரால் தேநீர்க் கெண்டியை எடுத்தாள். பாதியில் நிறுத்தவில்லை. விளிம்பு வரை ஊற்றினாள்.

மெருயெர்த் சூடு ஆறும்வரை காத்திருக்கவில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, வெள்ளிக்கிழமை குழுவிடம் காட்டவேண்டிய குறிப்பேட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள்.