ஃபிரெட்ரிக் சார் பின்னால் போகும் மீன் கழிவு

இரண்டு வருஷத்துக்கு முன் பிப்ரவரி மாதம், மந்தைவெளியில் ரிட்டயர்டு தலைமையாசிரியர் ஃபிரெட்ரிக் வீட்டுத் தொட்டியில் பன்னிரண்டு கோல்டு ஃபிஷ் போட்ட கழிவு, தண்ணீரை விட்டு வெளியே வந்து அவர் பின்னால் போகத் தொடங்கியது. முதல் நாள் ஒரு முழம், வாரக் கடைசியில் மூன்று முழம். கணுக்கால் உயரத்தில், கறுப்பு நூல் மாதிரி, அவர் நடந்தால் நடக்கும், நின்றால் நிற்கும், நாற்காலியில் உட்கார்ந்தால் அடியில் சுருண்டு காத்திருக்கும். யார் மேலும் ஒட்டாது, எதையும் கறையாக்காது. நாற்றம் மட்டும் உண்டு. பறக்கும் ரயிலில் அவர் ஏறினால் அந்தப் பெட்டியில் தாராளமாக உட்கார இடம் கிடைத்தது என்பதால், திருவான்மியூர் வரை போகும் சிலர் அவருக்காகக் காத்திருந்தும் ஏறினார்கள்.

அந்தத் தெருவில் ஏழு வீட்டில் மீன் தொட்டி உண்டு. மற்ற ஆறு வீட்டு மீன்களும் போட்டதைத் தொட்டிக்குள்ளேயேதான் போட்டன. இவருக்கு மட்டும் ஏன் என்று கேட்டால், மனுஷர் எட்டு வருஷமாகச் செய்துவந்ததைச் சொல்ல வேண்டும். ரிட்டயரான மாதமே தொட்டி வாங்கி, வாசற்கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி ஹாலில் வைத்தார். தீனி போடுவது அவர் வேலை. வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு பிடி அள்ளிப் போட்டு, மீன்கள் ஓடி வருவதைக் காட்டுவார். ஐந்து பேர் வந்தால் ஐந்து தடவை. தின்னுகிற ஜீவனுக்கு வயிறு என்று ஒன்று உண்டு, அதற்கு இன்னொரு முனையும் உண்டு என்பது அத்தனை பெரிய படிப்பு படித்தவருக்குத் தெரியவில்லை. கழுவுவது மனைவி டோரதியின் வேலை. அவரும் முப்பது வருஷம் டீச்சராக இருந்தவர்தான். சனிக்கிழமை தவறாமல் மொத்தத் தண்ணீரையும் இறைத்து, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் வெள்ளை வெளேரென்று ஆகும்வரை கசக்குவார். சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, "அந்த மூலையில பச்சையா இருக்கு பாரு" என்று சொல்வதற்கு ஒரு ஆள் இருந்தார். அப்படிக் கழுவினால் தண்ணீரைக் காப்பாற்றுகிற நல்ல கிருமியும் சேர்ந்து போய்விடும், மீன் சாகும் என்று மீன் கடை பீர் முஹம்மது பலமுறை சொன்னார். மீன்காரன் எனக்குப் பாடம் எடுப்பதா என்று ஃபிரெட்ரிக் கேட்டார். மீன் செத்தது. புதிது வாங்கினார்.

ஜனவரி கடைசி சனிக்கிழமை, டோரதி கையை முழங்கை வரை தொட்டிக்குள் விட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே, வந்திருந்த ஒரு விருந்தாளியிடம், "எல்லாம் என் மெயின்டனன்ஸ்தான்" என்றார் ஃபிரெட்ரிக். டோரதி கையை வெளியே எடுத்தார், துடைத்தார், வாளியைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. பத்து நாளில் கழிவு கிளம்பிவிட்டது.

நாற்றத்தைக்கூட அவர் தாங்கிக்கொண்டிருப்பார். ஜூன் மாதம் கோயிலில் நற்கருணைப் பவனி வரவிருந்தது, அதுதான் அவரைப் பிடித்து ஆட்டியது. பவனியில் நற்கருணை அப்பத்தை ஏந்தி வரும் பங்குத் தந்தையின் தலைக்கு மேல் பிடிக்கிற பட்டு விதானத்துக்கு நாலு கம்பு. முன்பக்க வலது கம்பைப் பதினெட்டு வருஷமாகப் பிடித்தவர் ஃபிரெட்ரிக். அதைப் பிடிக்காத ஃபிரெட்ரிக்கை அவருக்கே அடையாளம் தெரியாது. பங்குத் தந்தை நல்ல மனிதர், சுற்றி வளைக்காமல் சொன்னார்: "சார், நான் நற்கருணையோட உங்களுக்குப் பின்னாலதான் வரேன். அது நமக்கு நடுவுல வருது. ஜூனுக்குள்ள சரி பண்ணிடுங்க."

தொட்டியில் மந்திரித்த தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். அதில் இருந்த உப்புக்கு மீன்கள் தெம்பாகி, இன்னும் அதிகமாகத் தின்றன. பிளம்பர் வேலுவை வரவழைத்துத் தொட்டியைக் கழுவவைத்தார். தொட்டி பளிச்சென்று ஆனது, பின்னால் வந்ததோ ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. கடைசியில் பீர் முஹம்மதுவிடமே போய் நின்றார். அவர் அரை நிமிஷத்தில் சொல்லி முடித்தார்: "வாரம் ஒரு தபா குழாய் வெச்சு அடியில கீற கசட இழுத்துடுங்க சார். மூணுல ஒரு பங்கு தண்ணி மாத்துனா போதும். ஸ்பாஞ்ச அந்தத் தண்ணியிலயே பிழிங்க. தீனி ரெண்டு நிமிசத்துல தின்னு முடிக்கறாப்புல போடுங்க. ஆனா உங்க கையால செய்யணும். ஆள் வெச்சா ஆவாது."

இது உண்மையா என்று அவர் சோதித்துப் பார்க்க வேண்டிய அவசியம்கூட வரவில்லை. ஏப்ரலில் தீனி போடும்போது கல்யாண மோதிரம் தொட்டிக்குள் விழுந்தது. கையை விட்டுத் துழாவி எடுத்தார். கூடவே கை நிறையக் கசடும் வந்தது, அதை வாளியில் உதறினார். திரும்பிப் பார்த்தால், அதற்குள் பதினோரு முழமாக வளர்ந்திருந்தது ஒன்பதாகியிருந்தது. டோரதியும் பார்த்தார். "இன்னும் நாலஞ்சு வாளிங்க. அவ்வளவுதான்," என்றார். ஃபிரெட்ரிக் மூன்று தடவை சோப்பு போட்டுக் கை கழுவினார். பிறகு சொன்னார்: "ஒரு ஹெட்மாஸ்டர் செய்யற வேலையா இது? ஜூன் வரைக்கும் மட்டும் தீனிய நீ போடேன். தீனி போடறவங்க பின்னாலதான போகுது. உன் பின்னால வந்தா யார் பாக்கப் போறா?"

நாற்பத்தோரு வருஷம் குடும்பம் நடத்தியவரிடம் கேட்கிற கேள்வியா இது. டோரதி "மீன் பாவம், அதுக்கு நான் போடறேன்," என்றார். அன்றிலிருந்து அவர் ஒரு சிட்டிகை போட்டார், வாரம் ஒரு வாளி இழுத்தார், தண்ணீர் தெளிந்தது. டோரதி பின்னால் எதுவும் வரவில்லை. ஃபிரெட்ரிக் பின்னால் ஏற்கெனவே சேர்ந்தது மட்டும் இம்மியும் குறையாமல் ஒன்பது முழம் நின்றது. அவர் தொட்டியில் கை வைக்கவில்லை. வறட்டுக் கௌரவத்துக்கு மருந்து எந்தக் கடையிலும் விற்பதில்லை.

ஜூனில் கம்பு வேறொருவர் கைக்குப் போனது. ஃபிரெட்ரிக் பேண்டு செட்டுக்கும் பின்னால், கடைசி ஆளாக நடந்தார். அவருக்கும் பின்னால் தெருவைக் கூட்டிக்கொண்டு வந்தவர் துப்புரவுப் பணியாளர் தாயம்மா. "இத கொஞ்சம் வாரிடும்மா" என்றார் ஃபிரெட்ரிக். தாயம்மா துடைப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டார். "ரோட்ல கீறது என் வேல. இது உன்னாண்ட கீது, நைனா" என்றுவிட்டு, அதைத் தாண்டி இரண்டு பக்கமும் கூட்டிக்கொண்டு போனார்.

போன வருஷம் பவனி நோட்டீஸில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது: "பவனி நிறைவில் திரு. ஃபிரெட்ரிக், தலைமையாசிரியர் (ஓய்வு)." அவரே கேட்டுப் போடவைத்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார், ஒன்பது முழமும் வந்தது. குறுக்கே போகிற ஆட்டோக்காரர்கள் அதுவும் போய் முடியட்டும் என்று வண்டியை நிறுத்தி வைத்தார்கள். டோரதி ரொம்ப முன்னால், பெண்கள் வரிசையில், ஜெபமாலை சொல்லிக்கொண்டு போனார். திரும்பிப் பார்க்கவில்லை.