மதிலின் மேலே அதெரிதோ

இல்டா பாடற்குழுவில் சேர்ந்தபோது அவள் புருஷன் அதெரிதோ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லிஸ்பனுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பரெய்ரோவில் அவள் வயதுப் பெண்கள் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகுப்பு இருந்தது. ஒருத்தி நீச்சலுக்குப் போனாள், இன்னொருத்தி பீங்கானில் பூ வரைந்தாள். இவள் வியாழக்கிழமை மாலைகளில் சங்கக் கட்டடத்துக்குப் போய்ப் பாடிவிட்டு வரட்டும் என்று இருந்தான். ஜன்னல் ஷட்டர்கள் மாட்டுவதும் பழுது பார்ப்பதும் அவன் வேலை. நாள் முழுக்க ஏணியில் நின்றுவிட்டு வருபவனுக்கு, வீட்டில் யாரும் பேசாத ஒரு மாலை கிடைப்பது நல்லதாகவே பட்டது.

குளிர்காலம் முடிவதற்குள் அவள் பேச்சில் குழுவில் பாடும் ஒருவரின் பெயர் நுழைந்துவிட்டது. முதலில் "பல்தசார் சொன்னார்" என்று எப்போதாவது வந்தது. அப்புறம் சூப் ஆறிப்போனதற்கும், ஆற்றில் படகு தாமதமானதற்கும்கூட பல்தசார் ஏதாவது சொல்லியிருந்தார். அவர் சொன்னதைச் சொல்லும்போதே இல்டா சிரிக்க ஆரம்பித்துவிடுவாள். அந்தச் சிரிப்பு அதெரிதோவுக்குத் தெரியாத சிரிப்பு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன் வீட்டில் கேட்காத ஒன்றை எவனோ வியாழக்கிழமைதோறும் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தால் அவனுக்கு வயிறு எரிந்தது.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழுவை ஓபிதோஸ் என்ற பழைய கோட்டை ஊருக்குப் பாடக் கூப்பிட்டிருந்தார்கள். பஸ்ஸில் இடம் மிச்சமிருந்ததால் வீட்டுக்காரர்களும் வரலாம் என்றார்கள்.

"நீ வரமாட்ட. உனக்கு போரடிக்கும்," என்றாள் இல்டா.

"வரேன்," என்றான்.

அவள் ஒரு கணம் பேசாமல் நின்றுவிட்டுத்தான் "சரி" என்றாள். அந்த ஒரு கணத்தை அவன் வாரம் முழுக்க மென்றுகொண்டிருந்தான்.

பஸ் ஏறும் இடத்தில்தான் பல்தசாரை முதல்முதலாகப் பார்த்தான். உயரமான, நரைத்த மீசைக்கார ஆள் ஒருவனை மனதில் வைத்திருந்தான். வந்தவரோ குட்டை. தலையில் முடியில்லை, காதுகள் பெரியவை, சாக்ஸ் போட்டு அதன்மேல் செருப்பு. கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். ஆள் அழகாக இருந்திருந்தால் அதெரிதோவுக்குப் புரிந்திருக்கும். இது புரியவில்லை, அதனால் இன்னும் மோசமாக இருந்தது.

"நீங்கதான் சென்யோர் அதெரிதோவா?" என்று அவர் கையை நீட்டினார். "தோனா இல்டா உங்களப் பத்திப் பேசாத வியாழக்கிழமையே கிடையாது."

"என்ன பேசுவா?"

"நல்லது மட்டும்தான். மிச்சத்தை எங்க யூகத்துக்கு விட்டுட்டாங்க."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். இல்டாவும் சிரித்தாள், அதே சிரிப்பு.

பஸ்ஸில் அவள் புருஷன் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். ஆனால் லிஸ்பன் பாலம் தாண்டியதிலிருந்து தலை பின்பக்கமே திரும்பியிருந்தது. பின்வரிசையில் பல்தசார் யாரோ ஒரு மாலுமி ஆட்டுக்குட்டிக்கு ஞானஸ்நானம் கொடுத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதெரிதோ ஜன்னல் வழியாக, போகிற வீடுகளின் ஷட்டர்களைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

ஓபிதோஸில் ஊருக்கு வெளியே, பழைய நீர்ப்பாலத்துக்கு அருகே பஸ்ஸை நிறுத்திச் சாப்பாட்டைப் பிரித்தார்கள். இல்டா காட் மீன் வடை சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். அதெரிதோ ஒன்றைக் கடித்துவிட்டு நிறுத்தினான்.

"வெங்காயம் எங்க?"

"போடல. பல்தசாருக்கு ஒத்துக்காது."

"எனக்கு ஒத்துக்கும்."

"ஒரு நாள் இல்லாம சாப்பிட்டா செத்தா போயிடுவ?" என்று சொல்லிவிட்டு டப்பாவை அவர் பக்கம் நீட்டினாள்.

பல்தசார் ஒன்றை எடுத்தார். "சென்யோர் அதெரிதோ, மன்னிக்கணும். என் வயித்தால உங்க வாய்க்கு நஷ்டம்."

அதெரிதோ ரொட்டியைப் பிய்த்துத் தின்றான். அவன் அம்மாவே வந்து கேட்டாலும் இல்டா வெங்காயம் போடாமல் வடை சுட்டதில்லை.

பாட்டு நாலு மணிக்கு, சாந்தா மரியா தேவாலயத்தில். குழுவை நடத்தும் நொயெமியா என்ற இளம்பெண் எல்லோரையும் அதுவரை ஊர் சுற்றிவரச் சொன்னாள். கோட்டைவாசல் தாண்டியதும் இல்டா, "எனக்குக் கொஞ்சம் பயிற்சி இருக்கு. நீ போய் ஒரு ஜின்ஜா குடி," என்றாள்.

"யார்கூட பயிற்சி?"

"குழுகூட."

ஆனால் குழுவில் பாதிப் பேர் ஜின்ஜா கடை வாசலில்தான் நின்றார்கள். அதெரிதோவும் சாக்லேட் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்த அந்தச் செர்ரி மதுவை ஒன்றுக்கு மேலேயே குடித்தான். கிண்ணத்தைக் கடித்துக்கொண்டிருக்கும்போது, இல்டாவும் பல்தசாரும் பெரிய தெருவிலிருந்து ஒரு படிக்கட்டுச் சந்துக்குள் திரும்புவதைப் பார்த்தான். வாயைத் துடைத்துக்கொண்டு பின்னால் போனான். சந்து இரண்டாகப் பிரிந்தது. அவன் எடுத்த வழி ஒரு வீட்டுக் கதவில் போய் முடிந்தது. கதவு வாசலில் படுத்திருந்த நாய் அவனைப் பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டது.

திரும்பி வரும்போதுதான் மதிலைப் பார்த்தான். அந்த ஊரைச் சுற்றிப் பழைய கோட்டைமதில் ஓடுகிறது. ஏறிப் போனால் ஒவ்வொரு வீட்டின் பின்முற்றமும் தெரியும். அவன் வேறு எதையும் யோசிக்கவில்லை. படிகளில் கையை ஊன்றி ஏறினான்.

மேலே காற்று. வெளிப்பக்கம் மார்பளவு சுவர் இருந்தது. ஊர்ப்பக்கம் ஒன்றுமே இல்லை, கைப்பிடிகூட. எதிரே யாராவது வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஏணியில் நிற்பது பழகிய ஆள்தான், ஆனால் ஏணியில் நிற்கும்போது பிடிக்க ஏணி இருக்கும். ஓட்டுக்கூரைகளையும் காய்கிற துணிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தான்.

ஒரு முற்றத்தில், எலுமிச்சை மரத்தடியில் அவர்களைக் கண்டான். இல்டா கண்ணை மூடி நிமிர்ந்து நின்றிருந்தாள். பல்தசார் எதிரே நின்று, தன் வயிற்றில் கைவைத்து ஏதோ காட்டிக்கொண்டிருந்தார். அவள் வாய் திறந்தது, காற்றில் குரல் கேட்கவில்லை. திடீரென்று நிறுத்தினாள், தலையை ஆட்டினாள், கண்ணைத் துடைத்தாள். பிறகு அவருடைய கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

நன்றாகப் பார்ப்பதற்காக அதெரிதோ ஓர் அடி முன்னே வைத்தான். பாதத்துக்கு அடியில் ஒரு கல் ஆடியது. கீழே பார்த்தான். அவ்வளவுதான். பின்னால் சரிந்து உட்கார்ந்து சுவரைக் கட்டிக்கொண்டான். எழுந்திருக்கவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை. சுற்றுலா வந்தவர்கள் அவன் கால்களைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். ஒரு ஜெர்மன்காரி தண்ணீர் கொடுத்தாள். அவள் கணவன் கீழே பார்த்து உரக்க யாரையோ கூப்பிட்டான். முற்றத்தில் இரண்டு தலைகளும் நிமிர்ந்தன.

"அதெரிதோ?" இல்டாவின் குரல் இப்போது நன்றாகவே கேட்டது. "அங்க உக்காந்து என்ன பண்ற?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தவர் பல்தசார். "அவங்களும் வரேன்னாங்க. நான்தான் வேண்டாம்னேன். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு இந்த இடம் அகலம் பத்தாது." குனிந்து அவன் கணுக்காலைப் பிடித்தார். "எழுந்திருக்க வேண்டாம். உக்காந்தபடியே நகருங்க. நான் ஊர்ப்பக்கம் வரேன். நீங்க கல்லை மட்டும் பாருங்க."

அதெரிதோ குழந்தை மாதிரி பிட்டத்தால் நகர்ந்தான். விளிம்பை ஒட்டி, அவனுக்கும் பள்ளத்துக்கும் நடுவில், அந்தக் குட்டை மனிதர் குத்தவைத்து நகர்ந்து வந்தார். பாதி தூரத்தில் அதெரிதோவால் அடக்க முடியவில்லை.

"என் பெண்டாட்டி ஏன் உங்க கையைப் பிடிச்சா?"

"பயம். இன்னிக்கு அவங்க தனியா ஒரு பாட்டு பாடறாங்க. உங்ககிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை. அதெரிதோ இன்னும் ஓர் அடி நகர்ந்தான். "உங்களுக்கு அவ மேல ஏதாவது இருக்கா?"

கணுக்காலைப் பிடித்த கையைப் பல்தசார் விடவில்லை. "இருக்கு," என்றார். "அவங்களுக்குத் தெரியாது. நான் சொன்னதில்ல, சொல்லவும் போறதில்ல. இந்த வயசுல பொய் சொன்னா எனக்கு மூச்சு வாங்குது, அதான் உங்ககிட்ட சொல்றேன். இடது காலை மடக்குங்க."

அதெரிதோ இடது காலை மடக்கினான். "நான் விழுந்துட்டா உங்களுக்கு வசதின்னு தோணலியா?"

"படி ஏறும்போதே தோணிச்சு. ஆனா நாலு மணிக்குக் கச்சேரி. அவங்க பாட மாட்டாங்களே."

சிரிப்பு வந்தது அதெரிதோவுக்கு. அந்த மனிதரைப் பார்த்துச் சிரிப்பு வந்ததை அவனால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கடைசிப் படி வரை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினான்.

கீழே இல்டா இடுப்பில் கைவைத்து நின்றாள். பல்தசார் தொப்பியைத் தேட வேண்டும் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அவர் தொப்பியே போட்டு வரவில்லை.

"வேவு பாத்தியா?"

"ஆமா," என்றான். "தனியா பாடப்போறேன்னு ஏன் சொல்லல?"

"சொன்னா நீ முன்னால வந்து உக்காருவ. தப்பாப் பாடினா வீட்டுக்கு வந்து ஒண்ணும் சொல்லமாட்ட. அந்த ஒண்ணும் சொல்லாததுதான் எனக்குப் பயம். நல்லாப் பாடினாலும் அதே மூஞ்சிதான் வச்சிருப்ப."

"அவர் மட்டும்?"

"அவர் சொல்லுவார். மோசம்னா மோசம்பார். நான் பாடறதுக்கு ஒருத்தர் காத்திட்டிருக்கார்னு நினைச்சா எனக்குப் பிடிச்சிருக்கு, அதெரிதோ. அவ்வளவுதான். அதுக்கு மேல எதுவும் இல்ல. ஆனா அது இருக்கு."

மதிலின் மேல் கேட்டது அவன் நாக்கு நுனி வரை வந்தது. அவருக்கு உன்மேல் ஆசை, அவரே சொன்னார் என்று போட்டு உடைத்துவிடலாம். இல்டா திகைத்துப்போவாள், அடுத்த வியாழன் போகக் கூச்சப்படுவாள். பிறகு நினைத்துப் பார்த்தான். ஒருவேளை திகைக்கமாட்டாள். ராத்திரி படுத்துக்கொண்டு அதை நினைத்துப் பார்ப்பாள். தன்னால் கொடுக்க முடியாத ஒரு பரிசைத் தானே கொண்டுபோய் அவள் கையில் வைத்ததுபோல் ஆகிவிடும். வாயை மூடிக்கொண்டான்.

தேவாலயத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். மூன்றாவது பாட்டில் இல்டா ஓர் அடி முன்னால் வந்தாள். அவள் குரல் அவ்வளவு கனமானது என்று அவனுக்குத் தெரியாது. சமையலறையில் முணுமுணுப்பாகக் கேட்டது வேறு. இது நீலநிற ஓடு பதித்த சுவர் முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. பக்கத்தில் யாரோ ஒரு பெண், "யார் அது?" என்று கேட்டாள். "என் மனைவி" என்று சொல்ல நினைத்தான், அதற்குள் அவன் கண் குழுவின் பின்வரிசைக்குப் போய்விட்டது. பல்தசார் வாயைத் திறக்கவில்லை. ஆனால் இல்டா எங்கே மூச்சு எடுத்தாளோ, அங்கெல்லாம் அவருடைய தோளும் ஏறி இறங்கியது. எந்த இடத்தில் அவளுக்கு மூச்சு தேவைப்படும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. கையைப் பிடித்தது, வெங்காயம் போடாதது எல்லாவற்றையும் விட அதுதான் அதெரிதோவைச் சுட்டது.

திரும்பி வரும் வழியில், "எப்படி இருந்தது?" என்று அவள் கேட்டாள்.

"நல்லா இருந்தது," என்றான். சற்றுப் பொறுத்து, "ரொம்ப நல்லா இருந்தது," என்றான். அவள் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

ஓபிதோஸ் கச்சேரியோடு குழுவுக்கு விட்ட நீண்ட விடுமுறை ஆகஸ்டோடு முடிந்து, எல்லோரும் மறுபடி கூடியபோது பல்தசார் வரவில்லை. தொண்டை சரியில்லையாம் என்றாள் இல்டா. அதெரிதோவுக்கு உள்ளுக்குள் திருவிழா. அந்த வாரம் வேலைக்குப் போன வீடுகளில் எல்லாம் வழக்கத்துக்கு மேல் பேசினான்.

அக்டோபரில் இல்டா தலைவலி என்று ஒரு வியாழக்கிழமை தங்கிவிட்டாள். அடுத்த வியாழனும் அப்படியே. நொயெமியா போன் செய்தபோது எடுக்கவில்லை. அவன் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்து பந்தாட்டம் பார்த்தாள், யாரோடு யார் ஆடுகிறார்கள் என்றுகூடக் கேட்கவில்லை. இதைத்தானே விரும்பினாய் என்று அதெரிதோ தன்னையே கேட்டுக்கொண்டான். ஆனால் பக்கத்தில் இருப்பவள் யாருக்காக இப்படி இருக்கிறாள் என்ற கேள்வி வந்தபோது, பழைய எரிச்சல் இரண்டு மடங்காகத் திரும்பியது. எதிரில் நிற்கிற ஆளோடு மல்லுக்கு நிற்கலாம். இல்லாத ஆளோடு என்ன செய்வது? அவர் வராத ஒவ்வொரு வாரமும் அவள் நினைப்பில் அந்தக் குட்டை மனிதர் வளர்ந்துகொண்டே போவதுபோல் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனான். மூன்றாவது மாடி. பல்தசார் கையில் கரண்டியோடு கதவைத் திறந்தார். உள்ளே முட்டைக்கோஸ் சூப் கொதிக்கும் வாசனை வந்தது. அவர் குரலில் எந்தக் கோளாறும் இல்லை.

"தொண்டை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு," என்றார். பொய் சொல்ல அவரால் முடியாது என்பது அதெரிதோவுக்கு நினைவு வந்தது. "உள்ள வாங்க."

"வேண்டாம், நிக்கறேன். வியாழக்கிழமை போங்க."

பல்தசார் கரண்டியை இன்னொரு கைக்கு மாற்றினார். "உங்ககிட்ட சொல்லிட்டேன். சொன்ன பிறகு போறது எனக்கு சரியாப்படல. உங்களுக்கு ஆட்சேபணை இல்லையா?"

"இருக்கு," என்றான் அதெரிதோ. "நிறைய இருக்கு. போங்க."

பதிலுக்குக் காத்திருக்காமல் படி இறங்கினான்.

வியாழக்கிழமை இல்டாவை அவனே காரில் கொண்டுபோய்ச் சங்க வாசலில் விட்டான். தலைவலி என்றவளை, காற்றுப் பட்டால் சரியாகும் என்று சொல்லிக் கூட்டி வந்திருந்தான். அவள் உள்ளே போன பிறகு கீழேயுள்ள காபிக்கடையில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் மேலே ஜன்னல் வழியாகப் பல்தசாரின் குரலும், பிறகு எல்லோரும் சேர்ந்து சிரிக்கும் சத்தமும் கேட்டன. அதற்குள் இல்டாவின் சிரிப்பு எது என்று அவனால் பிரித்துச் சொல்ல முடிந்தது. காபிக்கடைக்காரன் இன்னொரு காபி வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம், ஏற்கெனவே வயிறு எரிகிறது என்றான் அதெரிதோ. பாட்டு முடியும்வரை அங்கேயே இருந்தான்.