மாஹி வரிசையில் ஒரு பேராவூர் வண்டி

டீசலை யாரோ குடிக்கிறார்கள்.

சௌமினி அப்படித்தான் சொன்னார். மாதப் பில்லை மேஜைமேல் போட்டுவிட்டு, எதிரே நின்ற ஷிம்னாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"வண்டி இவ்ளோ குடிக்காது. மனுசன்தான் குடிக்கிறான்."

ஷிம்னா, தலசேரி 'தாமோதரன் அண்ட் சன்ஸ்' பேக்கரியின் டெலிவரி வேன்கள் அத்தனைக்கும் பொறுப்பாளர். 'சன்ஸ்' இரண்டு பேரும் துபாயில். இங்கே இருப்பது தாமோதரன் முதலாளியும் அவர் மனைவி சௌமினியும்தான். சௌமினி கணக்கு வழக்கைப் பார்ப்பவர். வட்டார மதுவிலக்குக் கமிட்டியின் தலைவி. முதலாளி அதே கமிட்டிக்குத் துணைத்தலைவர். வீட்டிலும் அவருக்கு அதே பதவிதான்.

"மாசக் கடைசிக்குள்ள பில் இறங்கணும்" என்றார் சௌமினி. "இல்லேன்னா வண்டிங்களை என் தம்பி கம்பெனிக்குக் காண்ட்ராக்ட் விட்டுடலாம். டீசல், டிரைவர், டயர் எல்லாம் அவன் பாடு."

"நம்ம டிரைவருங்க, சௌமினியேச்சி?" அக்கா முறையில் ஷிம்னா அவரை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"அவன்கிட்டயே ஆளுங்க இருக்காங்க."

"நான்?"

சௌமினி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

முதலாளி நாற்காலியில் நெளிந்தார். "எனக்கும் புரியல. நம்ம வண்டி எல்லாமே மாஹியிலதானே டீசல் அடிக்குது? எங்கப்பா காலத்து உத்தரவு அது. அப்புறம் எப்படி பில் ஏறும்?"

யாருக்குமே புரியவில்லை. மாஹிப் பாலத்தைத் தாண்டினால் புதுச்சேரி ஆட்சி; வரி குறைவு, டீசல் மலிவு. தலசேரியில் சொந்தமாக வண்டி வைத்திருக்கும் எவனும், முள் சிவப்புக்கு வந்தாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாலம்வரை உருட்டிக்கொண்டு போகிறவன்தான். மாஹியில் அடித்துவிட்டு நஷ்டப்பட்டேன் என்று எவனாவது சொன்னால் ஊரே அவனை வைத்தியரிடம் கூட்டிப்போகும்.

ஆகவே, திருட்டு. ஷிம்னாவும் அந்த முடிவுக்கே வந்தாள். மறுநாளே எல்லா டீசல் டாங்குக்கும் பூட்டு வந்தது. பெரிய, கறுத்த, பயமுறுத்தும் பூட்டுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு சாவி: ஒன்று டிரைவரிடம், மற்றது ஷிம்னாவின் மேஜை இழுப்பறையில்.

பேராவூர் லைன் டிரைவர் பவித்ரன் பூட்டைக் கையில் தூக்கிப் பார்த்தார். "பொண்டாட்டி நகைக்குக்கூட நான் இவ்ளோ பெரிய பூட்டுப் போடல, மோளே."

"அவங்களுக்கு நகை இருக்கா, பவித்ரேட்டா?"

"இல்ல. அதான் போடல."

டிரைவர்கள் சிரித்தார்கள். பூட்டுகள் தொங்கின. பில் மட்டும் அசையவில்லை. இறங்குவதற்குப் பதில் கொஞ்சம் ஏறியிருந்தது. சௌமினியின் தம்பி காண்ட்ராக்ட் பேப்பரை அச்சடித்தே அனுப்பிவிட்டான். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி வேறு.

மாதத்தின் கடைசி சனிக்கிழமை. காலையில் வண்டிகள் கேக்கும் ரஸ்கும் ஏற்றிக்கொண்டு கிளம்பின. பேராவூர் வண்டி கேட்டைத் தாண்டியதும் கூத்துபறம்பு ரோட்டில் கிழக்கே திரும்ப வேண்டும்.

அது தெற்கே திரும்பியது.

ஷிம்னா ஸ்கூட்டரை எடுத்தாள். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் பதுங்கியபடி தொடர்ந்தாள். நியூ மாஹி கடைத்தெரு. பாலம். பாலத்தின் அந்தப் பக்கம், பெட்ரோல் பங்குக்கு வெளியே ரோட்டோரமாக நீண்டு நின்ற வரிசை. அதன் வாலில் போய் ஒட்டிக்கொண்டது பேராவூர் வண்டி.

ஷிம்னா நேராகப் போய் ஜன்னலைத் தட்டினாள். "என்ன ஏட்டா, பேராவூர் எப்பலேர்ந்து மாஹிக்கு இந்தப் பக்கம் வந்துச்சு?"

பவித்ரன் துளியும் அசரவில்லை. "டீசல் அடிக்க வேண்டாமா? உத்தரவு அப்படி. நான் மட்டுமா வந்திருக்கேன்? முன்னால பாரு."

பார்த்தாள். அவருக்கு முன்னால் கண்ணூர் வண்டி. அதற்கு முன்னால் பையன்னூர் வண்டி. இரண்டும் வடக்கே போக வேண்டியவை. எல்லாம் தாமோதரன் அண்ட் சன்ஸ். கிரீம் கேக் உருகாமல் இருக்க ஏசி ஓட வேண்டும். ஏசி ஓட எஞ்சின் ஓட வேண்டும். வரிசை அங்குலம் அங்குலமாக நகர, மூன்று வண்டிகளும் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தன.

ஷிம்னாவுக்குப் பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். "ஏச்சி, முன்னால நகருங்க. பெட்ரோலுக்குத்தானே நிக்கிறீங்க?"

அப்போதுதான் கவனித்தாள். பவித்ரனைப் பிடிக்க வந்தவள், தன்னையறியாமல் டாங்க் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். போன வாரம்தான் நிரப்பிய டாங்க். பாதிக்கு மேல் இருந்தது.

மூடியைச் சாத்தினாள். திருடன் அகப்பட்டுவிட்டான். வரிசையில் நின்றபடி டீசலைக் குடித்துக்கொண்டிருப்பது மனிதனல்ல, உத்தரவு. மலிவான டீசலை வாங்க, அந்த மலிவைவிட அதிகமாக எரித்துக்கொண்டு வருகிறார்கள்.

பேராவூர் வண்டிக்கு முறை வரும்வரை ஓரமாக நின்று நேரத்தைக் கணக்குப் பார்த்தாள். அலுவலகத்துக்குப் பறக்க வண்டியைத் திருப்பியவள், சட்டென்று பிரேக் போட்டாள். பவித்ரன் பங்கிலிருந்து வெளியே வந்து, பக்கத்துக் கடை ஒன்றின் முன்னால் வேனை நிறுத்தினார். உள்ளே போனார். வரும்போது கையில் ஒரு கேக் அட்டைப்பெட்டி. கடையின் போர்டில் எழுதியிருந்தது கேக் அல்ல.

ஷிம்னா முந்திக்கொண்டு திரும்பி, பேக்கரி கேட்டில் காத்திருந்தாள். வேன் வந்தது. பெட்டியின்மேல் பவித்ரனின் கையெழுத்து: 'ரிட்டர்ன். முதலாளி பார்வைக்கு.'

கடைகளில் விற்காமல் திரும்பி வரும் சரக்கைச் சனிக்கிழமைதோறும் முதலாளியே தன் அறைக்குள் தனியாக உட்கார்ந்து சோதிப்பார். தரத்தில் அவ்வளவு கண்டிப்பு. சோதித்துவிட்டு வெளியே வரும்போது எல்லோரிடமும் அன்பாகப் பேசுவார். ஒருமுறை வாட்ச்மேனுக்கு முத்தமே கொடுத்திருக்கிறார்.

"இன்னும் லைனுக்கே போகாத வண்டியில ரிட்டர்ன் எப்படி ஏட்டா வரும்?"

பவித்ரன் வானத்தைப் பார்த்தார். "மழை வரும்போல இருக்கு."

முதலாளி பெயரைப் போட்டு இவர் சொந்தச் சரக்கைக் கடத்துகிறார் என்று நினைத்த ஷிம்னா, பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு மாடியேறினாள். அறையில் முதலாளி, சௌமினி, நடுவில் காண்ட்ராக்ட் பேப்பர். பேனா மூடி கழன்றிருந்தது.

"இருங்க. இதப் பாத்துட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க." டேப்பைக் கிழித்தாள். மூடியை ஒரு பக்கம் தூக்கினாள்.

உள்ளே இரண்டு ரம் பாட்டில்கள்.

நிமிர்ந்தாள். முதலாளியின் முகம், அடுப்பில் வைக்க மறந்த மாவுபோல வெளுத்து உட்கார்ந்திருந்தது. ஒரே நொடியில் எல்லாம் புரிந்தது: சனிக்கிழமைச் சோதனை, வாட்ச்மேன் முத்தம், அப்பா காலத்து உத்தரவு. இப்போது உண்மையைச் சொன்னால் துணைத்தலைவர் தொலைந்தார். அவர் தொலைந்தால் அந்தப் பேப்பரில் சௌமினி சொன்ன இடத்தில் கையெழுத்து விழும். வண்டி போகும், பவித்ரன் போவார், அவளும் போவாள்.

"உள்ள என்னடீ?" சௌமினி எழுந்தார்.

"ரம், ஏச்சி."

ஷிம்னா பெட்டியை முழுசாகத் திறந்து மேஜைமேல் வைத்தாள்.

"கிறிஸ்துமஸ் கேக்குக்கு. பழம் ஊறப்போட. முதலாளிதான் சொன்னாரு, இந்த வருஷம் எசன்ஸ் வேண்டாம், ஒரிஜினலாவே போடலாம்னு. அடுப்புல வெச்சா வாசனை மட்டும்தான் நிக்கும், மத்ததெல்லாம் பறந்துடும்."

"கிறிஸ்துமஸுக்கு இன்னும் எவ்ளோ நாள் கெடக்கு?"

"எவ்ளோ ஊறுதோ அவ்ளோ ருசி."

சௌமினி கணவரைப் பார்த்தார். "நீங்களா சொன்னீங்க?"

"நான்... ஆமா. ருசிக்காக" என்றார் முதலாளி.

"இன்னொண்ணும் சொன்னாரு, ஏச்சி." ஷிம்னா மூச்சுவிட இடம் கொடுக்கவில்லை. "மாஹி உத்தரவை இன்னியோட எடுத்துடலாம்னு. கண்ணூர் வண்டி கண்ணூர்லயே அடிக்கட்டும், பேராவூர் வண்டி போற வழியில அடிக்கட்டும். பாலத்தைத் தாண்டிப் போற வடகரை வண்டி மட்டும் மாஹியில அடிச்சாப் போதும். வரிசையில நின்னே பாதி டீசல் போகுது. ஒரு மாசம் பாத்துட்டு அந்தப் பேப்பரை எடுக்கலாம்னு சொன்னாரு. சொன்னீங்கதானே, முதலாளி?"

முதலாளி பேனாவை மூடினார். "சொன்னேன். எல்லாமே சொன்னேன்."

சௌமினி பாட்டில்களை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டார். "சரி. வாங்க, இப்பவே ஊத்தலாம். நானும் பாக்கணும்."

முந்திரியும் உலர்திராட்சையும் கிடந்த பீப்பாய்க்குள் ரம் இறங்கியது. கடைசிச் சொட்டுவரை சௌமினி கவிழ்த்துப் பிடித்திருந்தார். முதலாளி, நெருங்கிய உறவினரை வழியனுப்புகிறவர்போல நின்றார். வாசலில் நின்ற பவித்ரன் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

"இனிமே வாங்கினா நம்ம ஊர் சர்க்கார் கடையில, பில்லோட வாங்கணும்" என்றார் சௌமினி. "மாஹி சரக்கு பாலம் தாண்டினா கேஸ் ஆயிடும். கமிட்டிக்கு அசிங்கம்."

அடுத்த மாதம் பில் இறங்கியது. லேசாக அல்ல, சௌமினி இரண்டு தடவை கூட்டிப் பார்க்கும் அளவுக்கு. காண்ட்ராக்ட் பேப்பரின் வெள்ளைப் பக்கத்தில் இப்போது ரஸ்க் ஆர்டர் எழுதுகிறார்கள்.

டாங்க் பூட்டுகள் மட்டும் வேலையில்லாமல் கிடந்தன. அதில் ஒன்றைச் சௌமினி எடுத்துப்போய்ப் பழப் பீப்பாய்க்கு மாட்டினார். முதலாளி நாளுக்கு நாலு தடவை ஸ்பூனோடு போய்ப் பழம் ஊறிவிட்டதா என்று பார்க்கிறாராம், வேலை கெடுகிறதாம். சாவி சௌமினியின் இடுப்பில்.

சனிக்கிழமை சாயங்காலம் முதலாளி ஷிம்னாவின் மேஜைக்கு வந்தார். சுற்றும் முற்றும் பார்த்துக் குனிந்தார்.

"மோளே, அந்தப் பூட்டுக்கு ரெண்டு சாவி இருக்குமே?"

ஷிம்னா கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பேராவூர் வண்டி டயர் மொட்டையாயிடுச்சு, முதலாளி. மொட்டை டயர்ல மலை ஏறினா வண்டி வழுக்கிடும்."

"புது டயர்தானே? போட்டுடலாம்."

"கண்ணூர் வண்டிக்கும் தேஞ்சிருக்கு."

முதலாளி வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். "அதுக்கும் போடு."

ஷிம்னா மேஜை இழுப்பறையை மெல்லத் திறந்தாள்.