பின்பக்கத்து ஊதா

"உனக்குப் படிக்கத் தெரியுமா?" என்று பழைய கம்பளங்கள் விற்கும் டிரேவர் கேட்டபோது, வேலை கேட்டு வந்த சங்கமித்ரா இல்லையென்று தலையாட்டினாள்.

"குட். கை மட்டும் வேலை செஞ்சா போதும்."

ஒன்பதாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் லிங்கராஜபுரத்து வீட்டில் அரிசி டின்னுக்குப் பின்னால் அவள் எழுதி ஒளித்துவைத்த நோட்டுகள் பதினொன்று. ஏழாவது முழுக்க அம்மாவைப் பற்றி.

டிரேவரின் இதே பங்களாவில் பதினாறு வருஷம் பெருக்கித் துடைத்த அம்மா சந்திரம்மாவை, கொசுவத்தியால் கம்பளத்தைப் பொசுக்கிவிட்டுப் பொய் சொல்கிறாள் என்று துரத்தியவர் டிரேவர். பொசுக்கியது அவருடைய சுருட்டு. 'பொய்க்காரி' என்ற பேர் பரவி, அக்கம்பக்கத்தில் யாரும் அவளை வேலைக்குச் சேர்க்கவில்லை. இன்றும் அம்மா அந்தத் தெருவுக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டுதான் போகிறாள். அவளுக்கு ஒரு மகள் இருப்பதையே டிரேவர் விசாரித்ததில்லை. அந்த மகள் ஈஜிபுராவில் ஒரு கம்பளக் கடையில் முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டு, ரிப்பேர் வேலைக்கென்று அதே வாசலில் வந்து நின்றாள்.

டிரேவர் விற்பவை, நூறு வருஷத்துக்கு முன் வெள்ளைக்காரர் வீட்டு ரசனைக்கென்று சீனாவில் நெய்த கம்பளங்கள். சுற்றிலும் கரை கிடையாது. பரந்த ஊதாவில் ஒரு மூலையில் மட்டும் சீனப் பூங்கொத்து சாய்ந்திருக்கும். வெளிச்சம் பட்டு முன்பக்கம் வெளிறிவிடும். பின்பக்கம் கருத்தே இருக்கும். முன்பக்க நிறத்துக்குப் பொருந்தும் கம்பளி நூலால் ஓட்டையை அடைத்தால், பின்னால் அது வெளுத்த திட்டாகக் காட்டிக்கொடுக்கும். அதனால் பின்னால் சாயம் தடவ வேண்டும். மற்ற கம்பளங்களுக்கெல்லாம் ஒழுங்காகத் தடவினாள். அம்மா மேல் பழி விழுந்த கம்பளத்தில் மட்டும் ஓட்டையை அடைத்துவிட்டு, பின்பக்கத்தை அப்படியே விட்டாள். முழங்கால் வலியால் டிரேவர் குனிந்து பார்ப்பதை எப்போதோ விட்டிருந்தார்.

அந்தக் கம்பளத்தை வாங்க ஞாயிற்றுக்கிழமை சந்திரசேகரன் வந்தார். ஊரில் பழைய கம்பளம் சேர்க்கிறவர்கள் எல்லோரும் அவர் சொல்லைத்தான் நம்புவார்கள்.

"ரிப்பேர் ஏதாச்சும்?"

"சான்ஸே இல்ல சார். ஒரு முடிச்சு மாத்தல. காட் பிராமிஸ்."

"கொஞ்சம் திருப்பும்மா."

சங்கமித்ரா மூலையைப் புரட்டினாள். கருத்த ஊதாவின் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு வெளிறல்.

"ஏய், நீ சாயம் போடலியா?" டிரேவரின் வாய் முந்திக்கொண்டது.

முதல் தடவையாக அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சுருட்டு பட்ட எடம்னு அம்மா சொன்னாங்க சார். சந்திரம்மா."

"கொசுவத்தி..." என்று ஆரம்பித்த டிரேவர் நிறுத்திக்கொண்டார்.

சந்திரசேகரன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். கம்பளத்தில் கால் படாமல் சுவரோரமாகச் சுற்றி நடந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, கம்பளத்தை வாங்காமலே தெருவில் இறங்கினார்.