கடைசி ஏழு

வவுனியாவில் இன்டர்நெற் கடை வைத்திருந்த சியாமுக்குத் தன் கெட்டித்தனத்தை நாலு பேருக்குக் காட்டாவிட்டால் சோறு இறங்காது. அது இரண்டாயிரத்து எட்டு. செய்தித்தளம் ஒன்றுக்கு அரசாங்கம் தடை போட்டிருந்தது. அதன் பெயரை அடித்தாலும் திறக்காது, பெயருக்குப் பின்னாலிருக்கும் புள்ளி வைத்த நாலு எண்களை அடித்தாலும் திறக்காது. சியாம் அந்த நாலையும் பெருக்கிக் கூட்டி, புள்ளியே இல்லாத ஒரே எண்ணாக்கி அடித்தான்: 3405803847. தடை போட்டவனுக்கு இந்த வேடம் பிடிபடவில்லை. தளம் திறந்துகொண்டது.

நெடுங்கேணியிலிருந்து ஓடிவந்து தங்கியிருந்த இரஞ்சிதம், அதில் போரில் இறந்தவர்களின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். புலிகள் இயக்கம் பிடித்துக்கொண்டு போன மகன் லக்ஷனின் முகம் அதில் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டார். பாதியில் கரண்ட் போய்விட்டது. மிச்சத்தைக் கொழும்பிலிருக்கும் மகள் பார்க்கட்டும் என்று அவர் கேட்க, சியாம் பெருமையோடு அந்த எண்ணைக் காகிதத் துண்டில் எழுதிக் கொடுத்தான். அது என்ன எண் என்று ஒரு சொல் எழுதவில்லை, மடையன்.

அவர் போகும் வழியில் சோதனைச் சாவடியில் துண்டு பிடிபட்டது. பத்து இலக்கம் என்றால் ஃபோன் நம்பர்தானே. அடித்துப் பார்த்தார்கள், அப்படியொரு நம்பரே இல்லை. அப்படியென்றால் இரகசியக் குறியீடு என்று முடிவு கட்டினார்கள்.

மறுநாள் காலை, தமிழ் தெரியாத அதிகாரி ஒருவன் இரஞ்சிதத்தைக் கடைக்குக் கூட்டிவந்தான். அவரது உதடு வெடித்து வீங்கியிருந்தது. இது இன்டர்நெற் முகவரி என்கிறாள், அடித்துக் காட்டு, திறந்தால் இவளை விட்டுவிடுகிறேன் என்று சிங்களத்தில் சொன்னான்.

திறந்தால் அவர் தப்புவார். தடை செய்த தளத்தைத் திறந்துவிட்டவன் மாட்டுவான். சியாம் ஒன்பது இலக்கங்களைச் சரியாக அடித்தான். கடைசி ஏழுக்குப் பதிலாக 1 என்று அடித்தான். ஓர் இலக்கம் மாறினால் போதும், அது வேறொரு கொம்பியூட்டரின் முகவரி. திரையில் எதுவும் வரவில்லை.

அந்த எண்ணை வழியெல்லாம் பாடமாக்கியிருந்த இரஞ்சிதம் குனிந்து திரையைப் பார்த்தார்.

“தம்பி, கடைசி ஏழெல்லோ. மாறி அடிச்சுப்போட்டீங்கள். வடிவாப் பாருங்கோ.”

என்ன சொல்கிறாள் என்று அதிகாரி கேட்டான். சியாம் அவரது முகத்தைப் பார்க்காமல், நல்ல சிங்களத்தில் மொழிபெயர்த்தான்.

“பிழை செய்துவிட்டாளாம். மன்னிக்கச் சொல்கிறாள், சேர்.”