நீடாமங்கலம் கேட்டில் கட்டிய பெட்டி

எங்கள் தெருவில் எனக்கு அரைச் சோப்பு என்று பெயர். ஷரீபுன்னிசா என்று என் வாப்பா ஆசையாக வைத்த பெயர் ரேஷன் அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். நான் தெருமுனை தாண்டியதும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். குளியல் சோப்பு வாங்கி வந்ததும் நூலைப் போட்டு இரண்டாக அறுத்துவிடுவது என் வழக்கம். முழுச் சோப்பைக் கையில் கொடுத்தால் பிள்ளைகள் அதைத் தொட்டிக்குள் போட்டுக் கப்பல் விடுகிறார்கள். அரைச் சோப்பு என்றால் அவர்களுக்கே அதன்மேல் ஒரு மரியாதை வந்துவிடுகிறது.

சோப்போடு நிற்கிற ஆள் இல்லை நான். மூத்தவள் தஹ்ஸீன் ஒன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். அவள் யூனிபார்மில் உள்ளே மடித்துத் தைத்த துணியை வருடத்துக்குக் கொஞ்சமாகப் பிரித்துவிட்டால் மூன்றாம் வகுப்பு வரைக்கும் வரும். பட்டினச்சேரியிலிருந்து மீன் கூடை தூக்கி வரும் மாரிக்கண்ணு காலையில் தெருவுக்குள் நுழையும்போது அவளைப் பார்க்காததுபோல இருந்துவிடுவேன். வெயில் ஏறி அவள் திரும்பும்போதுதான் கூப்பிடுவேன். "ஒனக்குன்னே மிச்சம் வச்சுக் கொண்டாற மாதிரி ஆயிப் போச்சு" என்று திட்டிக்கொண்டே கூடையை இறக்குவாள். திட்டுக்குக் காசில்லை, மீன் பாதி விலை.

ஷார்ஜாவில் ஒரு கடையில் மூட்டை இறக்கும் என் வீட்டு மனுஷன் அனுப்புகிற பணம் அது. அவர் முதுகு எனக்குத் தெரியும். அதனால் மிச்சம் பிடிக்க எனக்கு எந்த வெட்கமும் கிடையாது.

எங்கள் திருமலைராயன்பட்டினத்தில் வெளிநாட்டிலிருந்து யாராவது லீவில் வந்தால், வந்த மறுநாள் பெட்டி பிரிப்பார்கள். பெரிய அட்டைப் பெட்டி, சுற்றிலும் நைலான் கயிறு, மேலே பட்டை எழுத்தில் பெயர். சொந்தக்காரப் பெண்கள் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்துகொள்ள, ஆளுக்கு ஒரு சோப்பு, ஒரு கோடாலித் தைலம் வரும். நெருங்கிய சொந்தம் என்றால் செண்ட், டார்ச், போர்வை. யாருக்கு என்ன கிடைத்தது என்பது மாலைக்குள் மேலத்தெரு வரைக்கும் போய்விடும். பெட்டி சிறுத்துவிட்டால் அந்த வீட்டுக்கே தலை குனிவு.

அந்தச் சபையின் நீதிபதி என் கணவரின் அக்கா ஆஸியா பீவி. நானும் அவரை லாத்தா என்றுதான் கூப்பிடுவேன். லாத்தா சாமானைக் கையில் வாங்கி எடை பார்ப்பார், மூக்கருகே கொண்டுபோவார், பிறகு கூடமே காதைத் தீட்டிக்கொண்டிருக்க, "ம்... இவ்வளவுதானா?" என்பார். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து கடன் வாங்கிப் பெட்டி கட்டியவர்கள் ஊரில் உண்டு. லாத்தாவின் ஒரே மகன் அல்லா பிச்சை தம்மாமில் இருந்தான். மூன்று வருடமாக ஊருக்கு வரவில்லை. வேலை சாஸ்தி, லீவு கிடைக்கவில்லை என்று லாத்தா சொல்வார். நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

எந்த வீட்டுப் பெட்டியிலிருந்து எது வந்தாலும் என் வீட்டில் அது பீரோவின் மேல்தட்டுக்குப் போய்விடும். ஒன்றையும் பிரித்ததில்லை. நல்ல நாளுக்கு ஆகும் என்று சொல்லிக்கொள்வேன். அது என்ன நல்ல நாள் என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. பீரோவைத் திறந்தால் போதும், வீடே ஒரு விமான நிலையம்போல மணக்கும்.

இரண்டாயிரத்தேழு கோடை லீவில் என் கணவர் சஃபியுல்லா வருவதாக இருந்தது. சின்னவள் சுமையா என் வயிற்றில் இருந்தபோது போனவர். அவளுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது, இன்னும் வாப்பாவைப் பார்க்கவில்லை. அவளைப் பொறுத்தவரை வாப்பா என்பது என் கறுப்பு செல்போன். அதற்கு முத்தம் கொடுப்பாள், சோறு ஊட்டுவாள், பக்கத்தில் படுக்க வைத்துத் தட்டிக் கொடுப்பாள். பொத்தான் இடுக்கில் ஒட்டியிருக்கும் பருக்கையைக் குண்டூசியால் எடுப்பது என் வேலை.

சித்திரை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அந்த வாப்பா மணியடித்தது.

"புள்ள, இந்தத் தடவ நான் வரல."

"ஏங்க, லீவு தரலயா?"

"லீவு குடுத்தாச்சு. டிக்கெட்டும் கம்பெனி போட்டுக் குடுத்துருச்சு. சம்பளந்தான் இழுத்தடிக்கிறாங்க. கையில ஒண்ணுமில்ல. பொட்டி இல்லாம எப்புடி ஊருல வந்து நிக்கிறது? லாத்தா மொவத்துல எப்புடி முழிப்பேன்? டிக்கெட்ட திருப்பிக் குடுத்துட்டு அடுத்த வருசம் ஒழுங்கா சேத்து வச்சு வர்றேன்."

எனக்கு வந்த கோபத்தில் போனைத் தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் அது சுமையாவின் வாப்பா ஆயிற்றே. நாலு சோப்புக்காகவா ஒரு மனுஷன் பெற்ற பிள்ளையைப் பார்க்காமல் இன்னொரு வருடம் மூட்டை தூக்குவது? இந்த ஊரையும் இதன் பெட்டியையும் நினைத்து அன்று நான் அழுதேன். அழுது முடித்து முகத்தைத் துடைக்கத் துண்டு எடுக்கலாம் என்று பீரோவைத் திறந்தேன். மேல்தட்டிலிருந்து வாசனை குப்பென்று அடித்தது.

திரும்ப அவரைக் கூப்பிட்டேன். வெளிநாட்டுக்கு நானே காசு போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

"டிக்கெட்ட திருப்பிக் குடுக்காதீங்க. பெரிய அட்டைப் பொட்டி ஒண்ணு கடையில கேட்டு எடுங்க. உள்ள ஒங்க பழைய கம்பளிய வச்சுக் கட்டிருங்க. மேல பேர மட்டும் நல்லா பெருசா எழுதுங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்."

பீரோ மேல்தட்டில் இருப்பதை வைத்துப் பெட்டியை நிரப்பும் யோசனையைச் சொன்னேன். "ஊர ஏமாத்தச் சொல்றியா?" என்றார்.

"ஊரு குடுத்தத ஊருக்கே குடுக்கப் போறேன். இதுல ஏமாத்து எங்கங்க இருக்கு?"

அடுத்த வாரம் முழுக்க எனக்கு வேலை. மேல்தட்டை இறக்கித் துடைத்து, தேதி போன தைலத்தை எங்களுக்கு என்று ஒதுக்கினேன். எந்தச் சாமான் எந்த வீட்டிலிருந்து வந்தது என்பது எனக்கு அத்துப்படி. கொடுத்தவர் கைக்கே திரும்பிப் போகக் கூடாது என்பதுதான் ஒரே சட்டம். மிட்டாய் மட்டும் கையிருப்பில் இல்லை. நாகூரில் வெளிநாட்டுச் சாமான் கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கினேன். அந்தச் செலவை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

டார்ச் விஷயத்தில்தான் சிக்கல். ஒரே மாதிரி கறுப்பு டார்ச் இரண்டு இருந்தன. ஒன்று அல்லா பிச்சை கடைசியாக வந்தபோது லாத்தா கொடுத்தது. இன்னொன்று எதிர்வீட்டிலிருந்து வந்தது. லாத்தா கொடுத்ததற்குக் கழுத்தில் நீல நூல் கட்டினேன். அது நாகூரில் இருக்கும் என் சின்னம்மாவுக்கு. எதிர்வீட்டு டார்ச் லாத்தாவுக்கு. கணக்கு சரி.

பக்கத்துத் தெரு வைத்தியலிங்கம் அண்ணனின் வேனில் இரண்டு சாக்கோடும் இரண்டு பிள்ளைகளோடும் திருச்சிக்குப் போனேன். விமான நிலையத்துக்குச் சாக்கு மூட்டையோடு ஆள் அழைக்கப் போகிறவளை அந்த அண்ணன் ஒரு மாதிரிதான் பார்த்தார்.

"என்னம்மா, அரிசியா?"

"சோப்புண்ணே. யாருகிட்டயும் சொல்லிறாதீங்க."

"எனக்கு ஒண்ணு உண்டுன்னா எதுக்கு சொல்லப் போறேன்?" என்று சிரித்தார்.

விமான நிலையத்திலிருந்து என் கணவர் வெளியே வந்தார். இளைத்து, கறுத்து, பக்கத்தில் தள்ளுவண்டியில் ஆள் உயரப் பெட்டி. பழைய கம்பளிக்கு இவ்வளவு பெரிய பெட்டியா என்று உள்ளே அதிகாரி கேட்டாராம். "கம்பளிக்கு இல்ல சார், அக்காவுக்கு" என்றாராம் இவர்.

தஹ்ஸீன் ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சுமையா என் கால்களுக்கு நடுவே ஒளிந்துகொண்டு போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். அவர் கையை நீட்ட நீட்ட அவள் பின்னாலேயே போனாள். மனுஷன் முகம் விழுந்துபோனது. "புதுசு பாருங்க, சரியாப் போயிரும்" என்றேன். வேறு என்ன சொல்வது?

தஞ்சாவூர் தாண்டி நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடிவிட்டார்கள். அந்தக் கேட் மூடினால் எப்போது திறக்கும் என்று அல்லாவுக்குத்தான் தெரியும். எல்லோரும் அதைத் திட்டுவார்கள். நான் அன்றைக்கு அதை நம்பித்தான் வந்திருந்தேன். வேனின் பின்கதவைத் திறந்து கயிற்றை அவிழ்த்து நாங்கள் இருவரும் பெட்டியை அடுக்க ஆரம்பித்தோம். அடியில் போர்வை, நடுவில் சோப்பு, மேலே செண்ட். முன்னால் நின்ற பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தார்கள். ஒருவர் வேர்க்கடலை தின்றுகொண்டே, "அந்தப் பாட்டில சாய்ச்சு வைங்க, ஒழுவிரும்" என்று யோசனை சொன்னார்.

எல்லாம் வைத்த பிறகு என் கணவர் வைத்தியலிங்கம் அண்ணனின் போனை வாங்கிக்கொண்டு முன் சீட்டில் போய் உட்கார்ந்தார். சுமையாவின் கையிலிருந்த போன் மணியடித்தது. அவள் காதில் வைத்து, "வாப்பா!" என்று கத்தினாள்.

"என் செல்லம் எங்க இருக்கு?" என்றது போன்.

அதே குரல் முன் சீட்டிலிருந்தும் வந்தது. அவள் போனைப் பார்த்தாள். முன் சீட்டைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள். பிறகு போனை என்னிடம் கொடுத்துவிட்டு, சீட்டைத் தாண்டி ஏறிப்போய் அவர் முகத்தில் ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தாள். கேட் திறந்து பின்னால் இருந்த லாரிக்காரர்கள் எல்லாம் ஹார்ன் அடித்தார்கள். அவர் கண்ணைத் துடைக்கவும் மறந்து உட்கார்ந்திருந்தார். இதற்காக நான் இன்னும் நூறு சோப்பை அறுக்காமல் வைத்திருப்பேன்.

மறுநாள் பெட்டி பிரித்தோம். கூடம் நிறைந்துவிட்டது. மாஷா அல்லா, என்ன பெரிய பெட்டி என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். லாத்தா செண்டை முகர்ந்தார், டார்ச்சைக் கையில் தூக்கிப் பார்த்தார். "ம்... பரவாயில்ல" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை.

அன்று மாலை சாக்கு உதறும்போதுதான் அடியில் அந்த நீல நூல் கிடந்ததைப் பார்த்தேன். தஹ்ஸீனைக் கேட்டேன்.

"சுமையாதாம்மா அவுத்தா. வேன்ல அவளுக்கு வெளயாட ஒண்ணுமில்லல்ல?"

எந்த டார்ச் எங்கே போனது? அவரிடம் சொன்னால் லீவு முழுக்கத் தூங்க மாட்டார். ஒரே மாதிரிதானே இருக்கிறது, யாருக்குத் தெரியப் போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, மாலை அசர் தொழுகைக்கு அவர் பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரம் லாத்தா வந்தார். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் வீங்கிப்போன ஒரு துணிப்பை. வந்தவர் உட்காரவில்லை. டார்ச்சின் பின்மூடியைத் திருகிக் கழற்றி உள்பக்கத்தைக் காட்டினார். சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு.

"பந்திக்குக் குடுத்தா சாமான் மாறிப் போயிருமேன்னு என் வூட்டுச் சாமான் எல்லாத்துலயும் நான் பொட்டு வச்சிருவேன். பேட்டரி போடலாம்னு தொறந்தா, என் பொட்டு எனக்கே வருது. இது எம் மவன் கொண்டாந்தது ஷரீபா."

பொய் சொல்லத் தெம்பில்லை. அத்தனையையும் சொன்னேன்: சம்பளம் வராதது, அவர் வரவில்லை என்றது, பீரோ, சாக்கு, நீடாமங்கலம். "அவங்கள ஒண்ணும் சொல்லிறாதீங்க லாத்தா. ஒங்க மொவத்துல எப்புடி முழிக்கிறதுன்னு பயந்துக்கிட்டுத்தான் வரலன்னாங்க. புள்ளைய பாக்கணுமேன்னு நாந்தான் இப்புடி செஞ்சேன்" என்றேன். என்னைக் கிழித்துத் தொங்கவிடப் போகிறார் என்று காத்திருந்தேன்.

லாத்தா மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தார். வெகுநேரம் டார்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்குப் பயந்துக்கிட்டா?"

நான் தலையாட்டினேன்.

"மூணு வருசம் புள்ள. எம் மவனும் ஒவ்வொரு தடவயும் அடுத்த வருசம் அடுத்த வருசம்னுதான் சொல்றான். லீவு கெடைக்கலன்னு நெனச்சேனே." அவர் குரல் உடைந்தது. ஆஸியா பீவியை அப்படி நான் பார்த்ததே இல்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது.

பிறகு அந்தத் துணிப்பையைத் தரையில் கவிழ்த்தார். சோப்பு, தைலம், நகவெட்டி, செண்ட். எல்லாம் பிரிக்காதது. அதில் இரண்டு என் வீட்டிலிருந்து போன பழைய சோப்பு என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நானும் எடுத்தெடுத்துப் பரண்லதான் வச்சேன். பொட்டு கண்டதும் ஒன் வேலதான்னு புரிஞ்சுது. சண்ட போடத்தான் கெளம்புனேன். வாச வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயி இத எடுத்துட்டு வந்தேன். இது ஒரு பொட்டிக்கு வருமா பாரு."

"தாராளமா வரும் லாத்தா."

"அப்ப அவனுக்கு போன போடு. எனக்குப் போடத் தெரியாது."

தஹ்ஸீன் எண்களை அழுத்தினாள். தம்மாமுக்கு என் காசு ஓடுகிறதே என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. லாத்தா போனைக் காதில் அழுத்தி வைத்துக்கொண்டார். சலாம் சொன்னாரா என்றுகூட நினைவில்லை. அந்தப் பக்கம் குரல் கேட்டதுமே தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

"டேய் பிச்ச, பொட்டியெல்லாம் இங்க கெடக்குடா. நீ மட்டும் வா."