பத்துக் குடுவை உப்பு

கடைசித் தொட்டிக்கு வரும்போது புது மூட்டைகளில் உப்பு அடிக்குப் போய்விட்டது. மியோக் மூலையில் கிடந்த போன வருஷத்துச் சாக்கை இழுத்து, ஒரு குடுவை அள்ளினாள். கை லேசாக மேலே வந்தது. மறுபடி அள்ளினாள். அதே குடுவை, அதே கோபுரம். ஆனால் கனத்தைக் காணோம்.

குளிர் தொடங்கும்போது, கொரியாவின் நாஜு ஊர்ப் பெண்கள் சங்கம், தனியாக இருக்கும் முதியவர்களுக்கெல்லாம் கிம்சி என்னும் காரமான கோஸ் ஊறுகாய் போட்டுக் கொடுக்கும். கோஸை முதல் நாள் உப்பில் ஊறப்போடும் பொறுப்பு இந்த வருஷம்தான் மியோக்கிடம் வந்திருந்தது. "தொட்டிக்குப் பத்துக் குடுவை போடு, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுத் தலைவி சுக்ஜா மிளகாய்த்தூள் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தாள்.

மியோக் புது மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். மாவு மாதிரி பொடியுப்பு. பழைய சாக்கில் இருந்ததோ கல்லுப்பு. பத்துக் குடுவை என்பது கல்லுப்புக்கான கணக்கு.

மூட்டையின் அடியைச் சுரண்டியதில் ஒரு குடுவை தேறியது. மிளகாய்த்தூள் நிறுக்கும் எடைப்பொறியில் வைத்தாள். ஆயிரத்து நூற்று இருபது கிராம். கல்லுப்பு ஒரு குடுவை எண்ணூறுதான் காட்டியது. பொறி கெட்டிருக்கும் என்று தட்டிவிட்டு மறுபடி வைத்தாள். அதே எண்தான். அப்படியானால் பத்துக் குடுவை என்று போட்டதெல்லாம் பதினாலு. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை விழுங்கும் கிழவர்கள் ஒவ்வொருவராகக் கண் முன்னால் வந்தார்கள். சுக்ஜாவுக்குப் போன் போட்டாள்.

"என்னடி, இப்படி மூச்சு வாங்குது?"

"அக்கா, வந்தது பொடியுப்பு. நான் பாக்காம குடுவைக் கணக்குலயே போட்டுட்டேன்."

"போட்டா என்ன? குடுவை குடுவைதானே?"

"அளவு ஒண்ணுதான்க்கா, எடை வேற. கல்லுப்புல நடுநடுவுல சந்து இருக்கு. பொடி இண்டு இடுக்கில்லாம அடைச்சிக்குது. நிறுத்துப் பாத்துட்டேன்."

"கண்ணு என்ன பிடரியிலயா இருந்துச்சு?" என்றாள் சுக்ஜா. பிறகு குரல் இறங்கியது. "கடைக்காரன்கிட்ட 'உப்பு அனுப்பு'ன்னு மட்டும் சொன்னவ நான்தான். இரு, வரேன். தொட்டியில பாதிகிட்ட உப்புத்தண்ணிய எறச்சி ஊத்து."

"அவ்ளோ வேணாம்க்கா. மூணுல ஒரு பங்குகூட வேணாம். ஜாஸ்தி எடுத்தா கோஸ் வதங்காது."

"அப்ப நீ சொன்னபடியே செய்."

தானே சொன்னது சரிதானா என்று மியோக்குக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது. சுவரில் கரியால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தொட்டியில் கை வைத்தாள். சுக்ஜா வந்ததும் இருவரும் இலைக்கு இலை விரித்து, கரையாத உப்பை உதறினார்கள். கொஞ்சம் உப்புநீரை வெளியே கொட்டி, பச்சைத் தண்ணீர் விட்டார்கள். விரல்கள் மரத்துப்போயின.

காலையில் சுக்ஜா ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் வெள்ளைத் தண்டைக் கிள்ளி மென்றாள். மியோக் அவள் தாடையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது பரவால்ல. இதுவும் பரவால்ல." முதலில் உப்புப் போட்ட இரண்டு தொட்டிகளில் மட்டும் முகம் சுளித்தாள். "கரிக்குது. முள்ளங்கிய பெரிய துண்டா வெட்டி நடுவுல சொருகு, உப்ப இழுத்துக்கும்."

கோஸைக் கழுவி மிளகாய்த்தூள் கலவை தடவி முடித்து, பிற்பகல் விநியோகத்துக்குக் கிளம்பினார்கள். முதல் வீடு சொன் கிழவருடையது. அவர் கிம்சி டப்பாவின் மூடியைத் திறந்து, அங்கேயே ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார். அது அந்த இரண்டு தொட்டிகளில் ஒன்றிலிருந்து எடுத்தது.

"என்னம்மா, என் தொண்டையவே பாத்துட்டு நிக்கற?"

"எப்படி இருக்குங்க ஐயா?"

அவர் இன்னொரு துண்டை எடுத்து நிதானமாக மென்றார்.

"நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் உப்புக் கம்மி."

மியோக் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சுக்ஜா அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாய மூடிட்டு வாடி. இன்னும் நெறைய வீடு இருக்கு."